காலந்தாழ்ந்து வரும் வரலாற்று மாணவர்

ஈப்போ நகரின் மேற்குப் புறத்தில், புந்தோங்கை ஒட்டிக் கிடக்கிறது சிலிபின். அங்குள்ள தமிழாசிரியர்களை நாடி வந்து சிலர் கேட்கும் வினா ஒன்றுண்டு. கேட்பவர் மாணவப் பருவத்தினர் அல்லர். நாற்பது வயதைக் கடந்தவர். பகலில் பட்டறையிலோ மருத்துவமனையிலோ காவற்பணியிலோ உழைப்பவர். தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்மரங்கள் வெட்டுண்டு செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் நிலம் மாறியபின் பெற்றோருடன் நகருக்கு வந்தவர். "ஐயா, நான் வரலாறு படித்துப் பட்டம் பெற வேண்டும். எந்தக் கல்லூரியில் சேரலாம்?" என்பதே அவர் வினா.

நாம் தரும் விடை பெரும்பாலும் மூன்று செய்திகளில் அடங்கிவிடுகிறது: அருகில் இருப்பது எது, செலவு குறைந்தது எது, விரைவில் முடிவது எது? குடும்பஸ்தருக்கு இம்மூன்றும் வேண்டியவையே. ஆயினும் வரலாற்றைப் பொறுத்தவரை இவற்றிற்கு முன்னதாகக் கேட்க வேண்டியது வேறொன்று. "நீங்கள் எதைப் பற்றி எழுத விரும்புகிறீர்கள்? அதை எழுத எந்தத் துறை உங்களுக்கு இடந்தரும்?" என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். இந்நாட்டில் உயர்கல்வியின் கதவுகள் நம்மவர்க்குத் திறந்த கதையைச் சற்றே திரும்பிப் பார்த்தால் இக்கேள்வியின் தேவை விளங்கும்.

தோட்டப் பிள்ளை ஏன் காலந்தாழ்ந்து வருகிறான்? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள ஓரினப் பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி ஒன்று இருக்கவேண்டுமென விதித்தது. பள்ளிகள் எழுந்தன. ஆனால் அவற்றுட் பல, ஆயாக் கொட்டகைக்கும் ஆலயத்துக்கும் நடுவே ஒற்றை அறையாக நின்றவை. கிராணியோ கங்காணியோ ஓய்வு நேரத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்த இடங்களும் உண்டு. ஆறாண்டுத் தமிழ்க் கல்வியோடு பாதை நின்றுவிடும். அதற்கப்பால் நகரத்து ஆங்கிலப் பள்ளி. அதற்குப் பேருந்துக் கட்டணமும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். பிற்காலத்தில் மலாய்மொழி இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ஓராண்டுக் காலம் புகுமுக வகுப்பில் தங்க வேண்டியதாயிற்று. அந்த ஓராண்டில் படிப்பை விட்டவர் தொகை சிறிதன்று. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பால்வாளியைக் கையிலெடுத்தவர்களும் அவர்தம் பிள்ளைகளுமே இன்று ஆசிரியர் வீட்டு வாயிலில் வந்து நிற்கிறவர்கள்.

இனி, பல்கலைக்கழகத்தின் கதைக்கு வருவோம். சிங்கப்பூரில் இருந்த ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியும் இராபிள்ஸ் கல்லூரியும் ஒன்றிணைந்து 1949 அக்டோபரில் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதில் இந்திய ஆய்வியல் துறையொன்று அமைக்க முற்பட்டபோது, அத்துறைக்கு எம்மொழி அடிப்படையாவது என்ற வழக்கு எழுந்தது. ஆலோசனை கேட்கப்பெற்ற அறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் வடமொழிக்கு முதலிடம் தரும் கருத்தை முன்வைத்தார். சோழர் வரலாற்றை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ஒருவரிடமிருந்து இப்பரிந்துரை வந்தது மலாயாத் தமிழரைத் திகைக்க வைத்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழே வேண்டுமெனக் கிளர்ச்சி செய்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. 1956இல் துறை தோன்றியபோது தமிழே அதில் இடம்பெற்றது. 1959இல் துறை கோலாலம்பூருக்கு மாறிற்று.

இந்நிகழ்ச்சியை நாம் அடிக்கடி பெருமையுடன் சொல்லிக் கொள்கிறோம். ஆனால் அதன் மறுபக்கத்தைச் சொல்வதில்லை. தோட்டத்துத் தொழிலாளர் தம் கூலியில் ஒரு பகுதியை எடுத்துக் கொடுத்து நிறுத்திய துறை அது. கொடுத்த அந்தக் கைகளுக்கு உரியவர்கள் அத்துறையின் வாயிலை மிதித்திருக்க இயலாது. ஆங்கிலப் பள்ளிச் சான்றிதழ் இல்லாதவனுக்கு அப்பல்கலைக்கழகத்தில் இடமில்லை. இரவலாகவேனும் ஒரு நூலை அந்நூலகத்திலிருந்து அவன் பெற்றிருப்பானா என்பதும் ஐயமே.

அதே பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையில் அக்காலத்தே நடந்த ஒன்று நம் வினாவோடு நேரே தொடர்புடையது. பேராசிரியர் நார்த்கோட் பார்க்கின்சன் 1950 முதல் அங்கே வரலாற்றுப் பேராசிரியராக இருந்தார். சிறப்புப் பட்ட மாணவர்கள் உள்நாட்டு வரலாறு பற்றி மூல ஆவணங்களைக் கொண்டு சிற்றாய்வேடு ஒன்று எழுதும் வழக்கம் அத்துறையில் வேரூன்றியது. அம்மாணவர்களுள் ஒருவர் ஈப்போவில் வளர்ந்து ஆண்டர்சன் பள்ளியில் படித்த வாங் கங்வு. அவர் நேர்வழியே வந்த மாணவர் அல்லர். 1947இல் சீனாவின் நாங்கிங் நகருக்குப் படிக்கச் சென்று, உள்நாட்டுப் போரினால் படிப்பு முறிந்து ஈப்போவுக்குத் திரும்பினார். பின்னர் 1949இல் புதிதாகத் திறந்த பல்கலைக்கழகத்தின் முதல் அணியிலே சேர்ந்தார். ஆங்கில இலக்கியமும் பொருளியலும் வரலாறும் பயின்று, சிறப்புப் பட்டத்திற்கு வரலாற்றைத் தெரிந்தெடுத்தார்.

அவர் எழுதிய சிற்றாய்வேடு எதைப் பற்றியது? 1900க்கும் 1911க்கும் இடையே நீரிணைக் குடியேற்றங்களில் இயங்கிய சீனச் சீர்திருத்தக்காரரையும் புரட்சியாளரையும் பற்றியது. ஆங்கிலேயப் பேராசிரியர் படிக்க இயலாத சீனச் சான்றுகளை அவரால் படிக்க முடிந்தது. தம் மக்கள் மொழியில் கிடந்த செய்திகளை வரலாற்றுத் துறையின் முறைக்குள் கொண்டுவந்தார். 1963இல் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியராகவும் ஆனார். ஈப்போத் தமிழர் ஒருவர் கல்லூரி தேடும்போது இவ்வெடுத்துக்காட்டை முதலில் நினைவிற் கொள்ளலாம். பட்டப் படிப்பில் மற்றப் பாடங்களெல்லாம் ஆசிரியர் தருவன. ஆய்வேடு ஒன்றே மாணவர் தருவது. ஆகையால், இறுதியாண்டில் ஆய்வேடு எழுத இடமில்லாத வரலாற்றுப் பட்டம், நம் காலந்தாழ்ந்த மாணவருக்குப் பாதிப் பட்டமே என்பது எம் கருத்து.

வரலாற்றுத் துறையா, இந்திய ஆய்வியல் துறையா என்று தயங்குகிறவர்களும் உளர். இரண்டிற்கும் இடையே மதிற்சுவர் கிடையாது. இந்திய ஆய்வியல் துறைக்கு 1961இல் தலைமையேற்ற தனிநாயகம் அடிகள், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரிலேயே கூட்டினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சின்னப்பா அரசரத்தினம் அதே துறையில் பணியாற்றிப் பின்னர் வரலாற்றுத் துறைப் பேராசிரியராகி, மலேசிய, சிங்கப்பூர் இந்தியரைப் பற்றிய நூலை 1970இல் வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த கெர்னியல் சிங் சந்துவின் நூல், 1786 முதல் 1957 வரை இந்தியர் மலாயாவில் குடியேறியதை எண்ணிக்கை எண்ணிக்கையாக எடுத்து வைத்தது. சந்து புவியியலாளர். இலக்கியமும் பண்பாடும் நாடுபவர்க்கு இந்திய ஆய்வியல் பொருந்தும். ஆவணங்களைக் கையாளும் பயிற்சியை வேண்டுபவர் வரலாற்றுத் துறைக்கே செல்லுதல் நன்று. தமிழ் அவர் கையில் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது அந்தப் பயிற்சியே.

வேலையை விடாமல் படிப்பதற்கான வழி எப்போது திறந்தது? இலண்டன் பல்கலைக்கழகம் 1858 முதலே, தன் வகுப்பறையில் வந்து அமராதவர்க்கும் தேர்வு எழுதிப் பட்டம் பெறும் உரிமையை வழங்கியது. குடியேற்ற நாடுகளின் ஆசிரியர் பலர் அவ்வழியில் பட்டதாரிகள் ஆயினர். ஆங்கிலம் தெரிந்தவர்க்கே அது வழி. பிரிட்டனின் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் 1971 தொடக்கத்தில் தன் முதல் மாணவரைச் சேர்த்தது. அதே 1971இல், தோன்றி இரண்டே ஆண்டுகளான பினாங்குப் பல்கலைக்கழகம் (இன்றைய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) வளாகத்திற்கு வெளியே இருப்போர்க்கான கல்வித் திட்டத்தைத் தொடங்கிற்று. 'அறிவியல்' என்ற பெயரைக் கண்டு மயங்க வேண்டா. கலைப் பாடங்களும் அதில் உண்டு. அச்சிட்ட பாடங்கள் வீட்டிற்கு வரும். ஆண்டுக்கொரு முறை மூன்று வாரம் வளாகத்தில் தங்கி விரிவுரை கேட்க வேண்டியிருந்தது. நாடெங்குமுள்ள பள்ளியாசிரியர்களும் எழுத்தர்களும் தம் ஆண்டு விடுமுறையை அதற்கே செலவிட்டனர்.

இத்திட்டத்தை வளர்த்தவர்களுள் ஒருவர் கஜராஜ் தனராஜன் என்னும் தமிழர் என்பதை நம் ஆசிரியருட் பலர் அறியார். ஆங்காங்கின் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்திலும், காமன்வெல்த் நாடுகளின் தொலைக்கல்வி அமைப்பிலும் தலைமைப் பொறுப்பு வகித்துவிட்டு, பினாங்கில் வாவாசான் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் அமைந்தபோது அதன் முதல் துணைவேந்தரானார். மலேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் 2000இல் நிறுவப்பெற்றது. பினாங்கு ஒன்றே கதியாக இருந்த காலம் அத்தோடு மாறிற்று.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. திறந்தவெளி நிறுவனங்கள் வேலைச் சந்தையை நோக்கி வளர்ந்தவை. வணிக நிர்வாகம், கணினி, குழந்தைக் கல்வி முதலியவற்றில் அவை விரிந்திருக்கும் அளவுக்கு வரலாற்றில் விரியவில்லை. 'கலைப் பட்டம்' என்ற பெயரைக் கண்டே கையெழுத்திடக் கூடாது. வரலாறு தனிப்பெரும் பாடமா, துணைப்பாடமா, அவ்வாண்டில் உண்மையாகவே நடத்தப்படுகிறதா என்பதை எழுத்து மூலம் கேட்டறிய வேண்டும். பட்டம் மலேசியத் தகுதி முகவாண்மையின் பதிவேட்டில் உள்ளதா என்று பார்ப்பதும் இன்றியமையாதது. இப்பதிவை ஐந்து நிமிடத்தில் சரிபார்க்கலாம். பாராமல் சேர்ந்துவிட்டால் ஐந்தாண்டு உழைப்பும் வீணாகும்.

பள்ளிச் சான்றிதழ் குறைவாக உள்ளவர் மனந்தளரத் தேவையில்லை. எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வுகளைத் தனிப்பட்ட மாணவராக எழுதுவது ஒரு வழி. 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் பெற வரலாற்றிலே தேர்ச்சி பெறுவது கட்டாயம் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். மற்றொரு வழி 'அப்பெல்' எனப்படும் முறை. வாழ்க்கையிலும் தொழிலிலும் கற்றதை மதிப்பிட்டு நுழைவுத் தகுதி வழங்குவது அது. இளங்கலைக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். தகுதித் தேர்வு எழுத வேண்டும். தாம் செய்த பணிகளையும் கற்றவற்றையும் சான்றுகளுடன் தொகுத்து ஒரு கோப்பாக அளிக்க வேண்டும். அக்கோப்பைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம். செலவுக்கு ஊழியர் சேமநிதியிலிருந்து கல்விக்கெனப் பணம் எடுக்கவும் வழியுண்டு.

பணியிலிருக்கும் ஆசிரியர்க்கு நிலைமை வேறு. தஞ்சோங் மாலிமில் 1922இல் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் பேராக் மாநிலத்திலேயே இருக்கிறது. வரலாறு கற்பிக்க விரும்புவோர் அங்கே செல்வது இயல்பு. ஆனால் கல்வியியல் பட்டத்தில் கற்பிக்கும் முறைக்கே கணிசமான நேரம் போய்விடும். பதவி உயர்வுதான் நோக்கமென்றால் அதிற் குறையில்லை. தம் தோட்டத்தின் கதையை எழுத வேண்டும் என்று வந்தவரை அங்கே அனுப்புவது, மண்வெட்டி கேட்டவனுக்கு வண்டி வாங்கிக் கொடுத்தது போலாகும்.

துறையைத் தெரிந்தெடுக்குமுன் நம் மாணவர் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு. அத்துறையில் கடந்த சில ஆண்டுகளில் இளங்கலை மாணவர் எழுதிய ஆய்வேடுகளின் தலைப்புகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். தொழிலாளர், தோட்டம், நகரக் குடியிருப்பு, வாய்மொழி வரலாறு ஆகியவை அப்பட்டியலில் உண்டா? மேற்பார்வை செய்பவருள் தமிழ் படிக்கத் தெரிந்தவர் எவரேனும் உளரா? தமிழ்ச் சான்றுகளை மலாயில் பெயர்த்து மேற்கோள் காட்ட விடுவார்களா? கடைசிக் கேள்வி சிறிதாகத் தோன்றும். ஆய்வேடு எழுதும் காலத்தில் அதுவே பெரிதாகும். மலாய்மொழியில் கட்டுரை எழுதும் பயிற்சி குறைந்தவர், சேர்வதற்கு முந்திய ஓராண்டை அதற்கே ஒதுக்கலாம். வரலாற்று மாணவர் தோற்பது பெரும்பாலும் வரலாறு தெரியாமையால் அன்று. எழுத்து மொழி கைவராமையால்தான்.

வயதானவர் வகுப்பிலே பின்தங்கிவிடுவார் என்று அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்வோம். சிலிபினிலிருந்து வடக்கே சென்றால் சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16ஆம் நாள் அவ்வட்டாரத்து எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது. இதனைப் பள்ளிப் பிள்ளையும் அறிவான். அத்தோட்டங்களில் மறுநாள் பெரட்டுக்கு வந்த தொழிலாளர் என்ன பேசிக்கொண்டனர்? சம்பளம் எப்படிப் போடப்பட்டது? எவரெவர் விசாரிக்கப்பட்டனர்? குடியேற்ற அரசின் கோப்புகள் இவற்றைத் துரைமாரின் கண்ணால் மட்டுமே காட்டும். தாத்தா பாட்டி சொல்லக் கேட்ட பேரப்பிள்ளைகள் இன்று ஐம்பது அறுபது வயதினர். இருபது வயது மாணவனுக்கு இல்லாத நுழைவுரிமை அவர்களுக்கு உண்டு. எந்த வீட்டுத் திண்ணையில் எந்தக் கிழவியைக் கேட்க வேண்டுமென்று அவர்களுக்கே தெரியும்.

1942-43இல் சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு மாண்ட பல்லாயிரவரின் கதையும் அத்தகையதே. வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் கல்லறையும் பெயர்ப் பட்டியலும் உண்டு. நம்மவர் பெயர்கள் தோட்டத்துச் செக்குரோலில் அடித்துவிடப்பட்ட கோடுகளாகவே எஞ்சின. 1951க்கும் 1960க்கும் இடையே தோட்டங்கள் துண்டாடப்பட்டதைப் பேராசிரியர் உங்கு அசிஸ் 1962இல் அறிக்கையாக ஆராய்ந்து வைத்தார். அதே நெருக்கடிக்கு விடையாக 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கத்தில் சேமித்துப் பங்கு வாங்கிய பேராக் தொழிலாளி ஒருவரின் கணக்குப் புத்தகத்தை மட்டும் வைத்தே நல்லதோர் ஆய்வேடு எழுதலாம். 1969இல் வேலை அனுமதி பெற முடியாமல் கப்பலேறிய பல்லாயிரம் தமிழரின் கதைக்கு, சிவப்பு அடையாளக் கார்டுகளும் தமிழகத்திலிருந்து வந்த கடிதங்களும் இன்னும் சில வீடுகளின் பெட்டிகளில் கிடக்கின்றன.

இங்கே ஒரு சிறு குறை கூற வேண்டியிருக்கிறது. வரலாறு படிக்க வருகிற நம் அன்பர்களுள் பலர், இராசேந்திர சோழன் 1025இல் கடாரம் கொண்டதைப் பற்றியே எழுத விரும்புகின்றனர். கடாரத்தைப் பற்றிக் கல்வெட்டுண்டு, அகழாய்வுண்டு, அறிஞர் பலர் எழுதியும் உள்ளனர். அது இன்னும் நூறாண்டு காத்திருக்கும். லயத்துப் பெட்டியில் கரையான் அரிக்கும் காகிதம் காத்திருக்காது. விடுதலை பெற்ற காலத்தில் 800க்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500க்குச் சற்றே மேற்பட்டனவாய்க் குறைந்துவிட்டன. மூடப்பட்ட ஒவ்வொரு பள்ளியோடும் வருகைப் பதிவேடும் நாட்குறிப்பும் எங்கே சென்றன என்று கேட்டவர் எத்தனை பேர்?

சிலிபினிலேயே பார்க்க வேண்டியவை உண்டு. லூர்து மாதா ஆலயமும் பிலோமினா தமிழ்ப்பள்ளியும் அத்தெருவில் நெடுங்காலமாக நிற்பவை. பொதுவாக ஆலயத் திருமுழுக்குப் பதிவேடு என்பது பெற்றோர் பெயரும் நாளும் கூறும் ஆவணம்; உரியவரிடம் முறைப்படி அனுமதி பெற்றுப் பார்ப்பவர்க்கு ஒரு வட்டாரத்தின் குடியேற்றமே அதில் விரியும். கோயில் திருவிழா வரவு செலவு ஏடு, எந்தத் தோட்டத்தார் எத்தனை வெள்ளி கொடுத்தனர் என்று சொல்லும். செய்தித்தாள்களுக்கு வந்தால், 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுவிட்டது. 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசி'ன் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் கணினி வழியே படிக்கத் தந்திருக்கிறது. இரவு வேலை முடித்து வருபவரும் வீட்டிலிருந்தே அவற்றைப் புரட்டலாம். ஆங்கில நாளேடுகளை மட்டுமே நம்பி எழுதப்பட்ட தொழிலாளர் வரலாறுகளைத் திருத்துவதற்கு அதுவே போதிய தொடக்கம்.

இப்போது அந்தக் கோப்பைப் பற்றிச் சொல்லலாம். நுழைவுத் தகுதிக்கு அளிக்கும் தொகுப்பில் பலரும் வேலைச் சான்றிதழையும் பயிற்சிச் சீட்டுகளையும் மட்டும் வைத்துத் தைத்துவிடுகின்றனர். ஆலயக் குழுவில் பத்தாண்டு செயலாளராக இருந்து கூட்டக் குறிப்பு எழுதியதும், பள்ளி மலருக்கு முதியோரைக் கண்டு பேசிக் கட்டுரை எழுதியதும் வரலாற்றுப் பயிற்சியே என்று அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை. அவற்றையும் நாளும் இடமும் குறித்துச் சேர்க்கலாம்.

ஆகவே, அடுத்த முறை ஒருவர் வந்து கல்லூரிப் பெயரைக் கேட்டால், நாம் உடனே பெயரைச் சொல்லிவிட வேண்டாம். வீட்டில் இருக்கும் பழைய காகிதம் ஒன்றை எடுத்துவரச் சொல்லலாம். சம்பளச் சீட்டோ, பங்குப் பத்திரமோ, பள்ளி விடுகைச் சான்றிதழோ, எதுவாயினும் சரி. அதனைப் படியெடுத்து, மேல்தாளில் தோட்டத்தின் பெயரையும், அது இருந்த கிளைச்சாலையையும், மூடப்பட்ட ஆண்டையும், அதை யாரிடம் கேட்டறிந்தார் என்பதையும் அவர் கையாலேயே எழுதச் சொல்லலாம். விண்ணப்பப் படிவத்தை அதன்பின் எடுக்கலாம்.